கல்லாய் இறுகிய தொக்கை மாத்தாங் ஆக்குவது எப்படி?

கொரியாவில் சந்திரப் புத்தாண்டு முடிந்த அடுத்த வாரம் எந்த வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாலும் மூலையில் ஒரு பை தொக் கிடக்கும். வெள்ளை வெளேரென்று, கட்டைவிரல் பருமனில், அரிசி மாவில் செய்த நீளமான கோல்கள். வாங்கிய அன்று அழுத்தினால் குழையும். நான்காம் நாள் மேசையில் தட்டினால் மரக்கட்டைபோல் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, கெட்டுப்போய்விட்டது என்று முடிவுசெய்து, புதிதாக வந்தவர்கள் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

கொரியாவின் சூவோன் நகரில் குடியேறிய முதல் ஆண்டு நானும் ஒரு முழுப் பையை எறியக் கிளம்பினேன். படிக்கட்டில் எதிரே வந்த கீழ்வீட்டு ஹல்மொனி பையை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஹல்மொனி என்றால் பாட்டி. அக்கம்பக்கத்து மூதாட்டிகளை அங்கே எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். "இது கெடவில்லை, இறுகியிருக்கிறது" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை அதே தொக் தேன் நிறப் பாகு பளபளக்க, மேலே கறுப்பு எள் தூவி, ஒரு தட்டில் என் வீட்டுக்குத் திரும்பி வந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சுபோன்ற இழுவை. அதன் பிறகு நான் ஒரு துண்டுகூட எறிந்ததில்லை.

அந்த இனிப்பின் பெயர் மாத்தாங். மாத்தாங் என்றதும் பெரும்பாலான கொரியர்களுக்கு நினைவுக்கு வருவது சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். கிழங்கைத் துண்டுபோட்டுப் பொரித்து, சூடான பாகில் புரட்டி எடுப்பார்கள். பாகு நூல் நூலாக இழுபடும் சீனத்து இனிப்பு அதற்கு நெருங்கிய உறவு. மிஞ்சிய தொக்கையும் அதே வழியில் கொரிய வீடுகள் கரையேற்றுகின்றன.

இந்தப் பலகாரத்தில் தோற்கிறவர்கள் பாகைத்தான் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது முறை குற்றம் ஈரத்தினுடையது. தொக்குக்கு உள்ளே ஈரம் வேண்டும், மேலே கூடாது. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றைச் சரியாக வைத்துக்கொள்வதற்காகத்தான்.

எந்தத் தொக் உதவும்?

தொக் என்ற சொல் நம் 'பலகாரம்' போல விரிந்தது. அதில் மாத்தாங்குக்கு மிகப் பொருத்தமானது காரெத்தொக் என்னும் நீளக் கோல். சாதாரணக் குட்டை அரிசியை ஊறவைத்து, உப்புச் சேர்த்து அரைத்து, ஆவியில் வேகவைத்து, அச்சில் பிழிந்து எடுப்பது. புத்தாண்டுக்கு முந்தைய நாட்களில், பழைய குடியிருப்புப் பகுதிகளின் மாவு மில் வாசலில் ஆவி பறக்க இது அச்சிலிருந்து இறங்கி வருவதைப் பார்க்கலாம். கோலின் நீளம் நீண்ட ஆயுளுக்கு என்பார்கள். அதையே மெல்லிய வில்லைகளாக நறுக்கிச் சூப்பில் போட்டால் புத்தாண்டுக் காலை உணவான தொக்குக். வில்லைகள் காசு போல இருப்பதால் செல்வத்துக்கு அடையாளம். பழைய கொரியக் கணக்கில் புத்தாண்டோடு எல்லோருக்கும் ஒரு வயது கூடும் என்பதால், ஒரு கிண்ணம் தொக்குக் சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்பது வழக்கு. 2023 ஜூனில் கொரிய அரசு சர்வதேச முறைப்படி வயதைக் கணக்கிடும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகும், வீட்டில் பாட்டிமார் குழந்தைகளிடம் அதைச் சொல்லாமல் கிண்ணத்தை நீட்டுவதில்லை.

தொக்பொக்கி என்ற காரமான தின்பண்டத்துக்காக விரல் நீளத்தில் வெட்டி விற்கும் தொக்கும் மிக நன்றாக வரும். முதல்முறை செய்பவர்களுக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன், வெட்டும் வேலை மிச்சம். அதில் இரண்டு இனம் உண்டு: அரிசியில் செய்தது, கோதுமையில் செய்தது. கோதுமை வகை கொஞ்சம் மிருதுவாக இருக்கும், ஊறவைக்கும் நேரமும் குறைவு. அரிசி வகையில் இழுவை அதிகம். மாத்தாங்குக்கு அரிசியே மேல். சூப்புக்கான வில்லைகளையும் பயன்படுத்தலாம். இழுவை குறைந்து அப்பளம் போன்ற மொறுமொறுப்பு வரும். வேகமாகக் கருகும் என்பதால் கண் விலகக் கூடாது.

இலையுதிர்காலப் பண்டிகையான சூசொக்கில் மிஞ்சும் சோங்பியொன், எள் அல்லது பயறுப் பூரணம் வைத்த, நம் கொழுக்கட்டைக்குப் பங்காளி. அதிலும் மாத்தாங் செய்யலாம். ஆனால் பூரணம் சூட்டில் வெடித்து வெளியே வரும். கை பழகியபின் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டரிசியில் செய்து சோயா மாவில் புரட்டிய இன்ஜொல்மி வேண்டாம். அது சூட்டில் இளகி வாணலியோடு ஒட்டிக்கொள்ளும்.

தொடங்கும் முன் ஒரு சோதனை. பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளிப் பூஞ்சை தெரிந்தாலும் அந்தப் பை முழுவதும் குப்பைக்கு. பூஞ்சையைச் செதுக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது. தொட்டால் வழவழப்பு, முகர்ந்தால் புளித்த நாற்றம் என்றாலும் அப்படியே. காற்றுப் புகாத கடைப் பொட்டலத்தைத் திறக்கும்போது மெல்லிய சாராய வாடை வந்தால் பயப்பட வேண்டாம். கெடாமல் இருக்க உணவுத்தர எத்தனால் பயன்படுத்தும் தயாரிப்புகள் உண்டு. கழுவி, வேகவைத்தால் வாடை போய்விடும்.

ஏன் இறுகுகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அரிசி மாவை ஆவியில் வேகவைக்கும்போது அதிலுள்ள மாச்சத்து நீரைக் குடித்து உப்பிக் குழைகிறது. ஆறியதும் அந்த மாச்சத்து இழைகள் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி அடுக்காகின்றன. நேற்றைய இடியாப்பம் இன்று விறைத்துப்போவதும், ஃப்ரிட்ஜில் வைத்த சோறு பருக்கை பருக்கையாக உதிர்வதும் இதே காரணத்தால்தான். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டில் இருக்கும் குளிரில், இது மிக வேகமாக நடக்கும். ஃப்ரீசரில் நீர் உறைந்துவிடுவதால் ஏறக்குறைய நின்றுபோகும்.

அதனால் மிஞ்சிய தொக்கை ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். வாங்கிய அன்றே ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, எண்ணெய் லேசாகத் தடவி, ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே இறுகியிருந்தாலும் கவலையில்லை. ஈரத்தோடு 70 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அடுக்குகள் பெரும்பாலும் அவிழ்ந்து, தொக் பழையபடி குழையும்.

வேண்டியவை

மூன்று நான்கு பேருக்கு 300 கிராம் தொக். பொரிப்பதற்கு வாசனை இல்லாத எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. பாகுக்குச் சர்க்கரை மூன்று மேசைக்கரண்டி, முல்லியொத் மூன்று மேசைக்கரண்டி, தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி. தூவக் கறுப்பு எள் ஒரு தேக்கரண்டி. கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ வாதுமைக் கொட்டையோ இருந்தால் நன்று. உப்பு வேண்டாம், தொக்கிலேயே இருக்கிறது.

முல்லியொத் என்பது மாச்சத்திலிருந்து செய்யும் நிறமற்ற கெட்டிப் பாகு. கொரியச் சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதன் மூத்த வடிவம் ஜோச்சொங். வெந்த சோற்றை முளைகட்டிய பார்லியோடு கலந்து வெதுவெதுப்பில் வைத்து, இனிப்பு ஊறியதும் வடிகட்டி மணிக்கணக்கில் காய்ச்சுவது. இன்னும் காய்ச்சி இறுக்கினால் யொத் என்ற ஒட்டும் மிட்டாய். கொரியாவில் நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்து அனுப்புவார்கள். கொரிய மொழியில் 'ஒட்டுவது' என்ற சொல்லுக்கே 'தேர்வில் தேறுவது' என்ற பொருளும் உண்டு. கிடைத்தால் முல்லியொத்துக்குப் பதில் ஜோச்சொங் போடுங்கள். தித்திப்புக் குறைவு, வறுத்த தானிய மணம் அதிகம். இரண்டுமே கிடைக்காவிட்டால் பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடையில் திரவ குளுக்கோஸ் வாங்கிக்கொள்ளலாம். தேனும் சரிதான், தீயை மட்டும் இன்னும் குறைவாக வைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கொரியக் குறிப்புகளில் 'ஒரு கரண்டி' என்றால் பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில் இருக்கும் சோற்றுக் கரண்டி. அது 15 மில்லிலிட்டர் மேசைக்கரண்டியைவிடச் சிறியது, 10 முதல் 12 மில்லிலிட்டர்தான் பிடிக்கும். நான் சொல்லும் அளவு 15 மில்லிலிட்டர் கரண்டிக்கு.

சென்னையில் இருப்பவர்களுக்கும் இது எட்டாத பொருள் அல்ல. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் கால்பதித்து இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்தது முதல் கொரியக் குடும்பங்கள் நகரத்தில் வாழ்ந்துவருகின்றன. அவர்களுக்கான மளிகைக் கடைகளில் உறைந்த தொக் கிடைக்கும்.

முதல் படி: குழையவைப்பது

ஃப்ரீசரில் இருந்த தொக்கைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். ஒட்டியிருக்கும் கோல்களை வலுக்கட்டாயமாகப் பிரிக்காதீர்கள், உடையும்; ஊறினால் தாமாக விலகும். ஃப்ரிட்ஜில் இறுகியதற்கும் இதே ஊறல்தான். பிறகு சூடு. விரல் பருமன் தொக்கைக் கொதிக்கும் தண்ணீரில் ஒன்றரை நிமிடம் விட்டு எடுத்தால் போதும். தடித்த காரெத்தொக் என்றால் இட்லிப் பாத்திரத்தில் ஏழெட்டு நிமிடம் ஆவி காட்டுவதே நல்லது. தண்ணீரில் போட்டால் நடு வேகும் முன் மேல்தோல் கரையத் தொடங்கும்.

சோதிப்பது எளிது. ஒரு கோலை நடுவில் வளைத்துப் பாருங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் வெந்துவிட்டது. நடுவில் வெள்ளைச் சுண்ணாம்புபோல் தெரிந்தால் இன்னும் ஒரு நிமிடம். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள், வெளியே அழகாகவும் உள்ளே ரப்பராகவும் இருக்கும் மாத்தாங்கைத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசி உடனே வடித்துவிடுங்கள். மேலே கசிந்த மாவுப்பசை போய்விடும், துண்டுகள் ஒட்டாது.

இரண்டாம் படி: உலர்த்துவது

எல்லோரும் தாவிப்போகும் படி இது. தயவுசெய்து தாவாதீர்கள். சுத்தமான பருத்தித் துணியில் தொக்கைப் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். தடித்த கோலாக இருந்தால் இப்போது மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். கத்தியில் எண்ணெய் தடவினால் ஒட்டாது. பிறகு ஒன்றையொன்று தொடாமல் தட்டில் வைத்து, மின்விசிறிக் காற்றில் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். தொட்டால் விரலில் ஈரம் படக் கூடாது, ஆனால் தோல் வறண்டு வெடிக்கவும் கூடாது. பச்சைக் குழந்தையின் பாதத்தைத் தொட்டதுபோல் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒவ்வொரு துண்டிலும் கத்தி முனையால் இரண்டு கீறல் போடுங்கள், பருமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. அழகுக்காக இல்லை. காரணம் அடுத்த படியில்.

மூன்றாம் படி: மொறுமொறுப்பாக்குவது

தொக் எண்ணெயில் வெடிக்கும். இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கொரிய வீடுகளில் தொக் பொரித்து முகத்திலும் கையிலும் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம். மேல்தோல் சூட்டில் இறுகி உறைபோல் மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழி தேடுகிறது. துண்டு பலூன்போல் உப்பும். அழுத்தம் தாங்காமல் கிழியும்போது கொதிக்கும் எண்ணெயும் பசை போன்ற மாவும் சேர்ந்து தெறிக்கும். அந்த மாவு தோலில் ஒட்டிக்கொள்வதால் சாதாரண எண்ணெய்த் துளியைவிட ஆழமாகச் சுடும். கீறல் போடச் சொன்னது ஆவி வெளியேற வாசல் வைப்பதற்காக.

ஆகவே புதியவர்கள் நிறைய எண்ணெயில் மூழ்கப் பொரிக்க வேண்டாம். அகன்ற, ஒட்டாத வாணலியில் நான்கு மேசைக்கரண்டி எண்ணெயை மிதமான சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு துண்டை வைத்தால் ஓரத்தில் மெல்லச் சலசலக்க வேண்டும். சீறினால் சூடு அதிகம். துண்டுகளை இடைவெளிவிட்டு அடுக்கித் தீயைக் குறைத்து, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று தோசைத் திருப்பியால் புரட்டுங்கள். கம்பிவலை மூடி இருந்தால் மேலே வையுங்கள். முழுக்கை ஆடை அணிந்துகொள்ளுங்கள். குழந்தைகள் அடுப்பருகில் இருக்கக் கூடாது. ஏதாவது ஒரு துண்டு கொப்பளம்போல் உப்பத் தொடங்கினால் அதுதான் கடைசி எச்சரிக்கை: அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் தள்ளி நில்லுங்கள். அதைக் கரண்டியால் குத்திப் பார்க்கும் ஆசையே வேண்டாம்.

பொன்னிறம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அரிசிப் பண்டம் எளிதில் சிவக்காது. வெள்ளை லேசாக மங்கி, ஓரங்களில் வெளிர்மஞ்சள் கோடு விழுந்து, தட்டினால் மேலோடு சத்தம் கொடுத்தால் எடுத்துவிடலாம். எடுத்ததைக் காகிதத் துணியில் வையுங்கள்.

ஏர் ஃபிரையர் இருப்பவர்கள் இந்தப் படியை அதனிடம் ஒப்படைக்கலாம். துண்டுகளில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைப் பிசிறி, 180 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம், நடுவில் ஒரு முறை குலுக்கிவிடுங்கள். சில துண்டுகள் அங்கேயும் வெடிக்கும். ஆனால் கூடைக்குள் வெடிப்பதால் ஆளுக்கு ஆபத்தில்லை. முடிந்ததும் உடனே திறக்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள்.

நான்காம் படி: பாகு

அதிரசத்துக்கும் கடலை மிட்டாய்க்கும் பாகு காய்ச்சிய கை உங்களுடையது என்றால் இந்தப் படி உங்களுக்குப் பழகிய நிலம். மாத்தாங்குக்கு இரண்டு விதப் பாகு உண்டு.

புதியவர்களுக்கு நான் சொல்வது இளகிய பாகு. வாணலியில் இருந்த எண்ணெயை வடித்து, துடைத்து, சர்க்கரை, முல்லியொத், தண்ணீர் மூன்றையும் போட்டு மிதமான தீயில் வையுங்கள். கரண்டியால் கிளறாதீர்கள். கிளறினால் கரையாத ஒரு குருணை சர்க்கரை போதும், அதைப் பற்றிக்கொண்டு மொத்தப் பாகும் பூத்து, மணல்மணலாகிவிடும். வாணலியைக் கைப்பிடியில் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் போதும். முல்லியொத் சேர்ப்பதே இந்தப் பூப்பைத் தடுக்கத்தான். அதிலிருக்கும் வேறு வகைச் சர்க்கரைகள் இடையில் புகுந்து, சர்க்கரை மறுபடி கட்டியாக ஒன்றுசேராமல் பார்த்துக்கொள்ளும்.

முதலில் பெரிய பெரிய குமிழிகள் வரும், அவை நீர் வெளியேறும் குமிழிகள். இரண்டு மூன்று நிமிடத்தில் குமிழிகள் சிறுத்து, நெருங்கி, சோம்பலாக உடையத் தொடங்கும். அப்போது குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விடுங்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. விரலால் உருட்டினால் மெத்தென்ற உருண்டையாகச் சேர்ந்தால் சரியான பதம்; அதிரசப் பாகின் பதத்தை ஒட்டி வரும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 115 முதல் 120 டிகிரி. கம்பிப் பதத்தில் நிறுத்தினால் பாகு தொக்கில் நிற்காமல் தட்டுக்கு வழிந்துவிடும்.

தீயை மிகக் குறைத்து, தொக்கைக் கொட்டி, ஒரு நிமிடம் புரட்டுங்கள். தொக் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்; ஆறியதைப் போட்டால் பாகு அதன்மேல் படியும் முன் இறுகித் திட்டுத்திட்டாக ஒட்டும். பாகு எல்லாப் பக்கமும் மெழுகினாற்போல் படிந்ததும் எள்ளையும் கடலையையும் தூவி அடுப்பை அணையுங்கள்.

இரண்டாவது, கண்ணாடிப் பாகு. கடைகளில் கிடைக்கும் கிழங்கு மாத்தாங்கில் பல்லால் கடித்தால் நொறுங்கும் மெல்லிய ஓடு இருக்குமே, அது. இதற்கு முல்லியொத்தும் தண்ணீரும் வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் நான்கு மேசைக்கரண்டி சர்க்கரையைப் பரப்பி, மிகச் சிறு தீயில் வைத்துத் தொடாமல் காத்திருங்கள். ஓரங்கள் முதலில் உருகும். வாணலியைச் சாய்த்துச் சாய்த்து உருகாத சர்க்கரையின்மேல் உருகியதை ஓடவிடுங்கள். எண்ணெய் சூட்டைச் சமமாகப் பரப்பும், பாகை மெல்லியதாகப் படியவும் வைக்கும். முழுதும் உருகி வெளிர்த் தேன் நிறம் வந்த கணத்தில் தீயை அணைத்து, தொக்கைப் போட்டு வேகமாகப் புரட்டுங்கள். அடுத்த பத்து விநாடியில் நிறம் செம்பாகி, அதற்கடுத்த பத்தில் கசப்பாகிவிடும். இந்தப் பாகின் சூடு 150 டிகிரிக்கு மேல். விரலால் தொட்டுச் சுவை பார்க்கும் பழக்கம் இருந்தால் அன்றைக்கு மறந்துவிடுங்கள். தொக்கில் ஈரம் இருந்தால் பாகு சீறித் தெறிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டில் எனக்குப் பிடித்தது முதல் வகை. தொக்கின் இழுவையும் பாகின் இழுவையும் ஒன்றாகிப் போகும்போது வரும் சுகம் கண்ணாடி ஓட்டில் இல்லை.

ஐந்தாம் படி: பிரித்து வைப்பது

தட்டுக்கு முன்பே எண்ணெய் தடவி வைத்திருக்க வேண்டும். பட்டர் பேப்பர் இன்னும் வசதி. இரண்டு முள்கரண்டிகளால் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். கண்ணாடிப் பாகு என்றால் ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை இது. தாமதித்தால் முழுதும் ஒரே பாறையாகிவிடும். அப்படி ஆனாலும் உடைக்க முயலாதீர்கள். வாணலியோடு சிறு தீயில் அரை நிமிடம் காட்டினால் இளகிப் பிரியும். ஐந்து நிமிடம் ஆறவிட்டபின் பரிமாறலாம். வெளியே ஆறியதுபோல் தெரிந்தாலும் நடுவில் சூடு நிற்கும்.

சிறு குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்கும்போது தனிக் கவனம் வேண்டும். தொக் பற்களில் அரைபடாமல் வழுக்கித் தொண்டையில் அடைக்கக்கூடிய பண்டம். ஜப்பானில் புத்தாண்டுதோறும் மோச்சி என்ற ஒட்டரிசிப் பண்டம் அடைத்து முதியவர்கள் இறக்கும் செய்தி வருவதும் இதனால்தான். பட்டாணி அளவுக்கு நறுக்கி, மென்று முடித்தபின் அடுத்தது என்று கொடுங்கள். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

சரியாக வராவிட்டால்

பாகு தட்டில் குளமாகத் தேங்கினால் தொக்கில் ஈரம் இருந்திருக்கிறது, அல்லது பாகு பதம் வரவில்லை. எல்லாவற்றையும் வாணலிக்குத் திருப்பி இன்னும் ஒரு நிமிடம் காய்ச்சுங்கள். பாகு வெள்ளையாகப் பூத்துவிட்டால் இரண்டு கரண்டி தண்ணீரும் ஒரு கரண்டி முல்லியொத்தும் விட்டுக் கரைத்து மறுபடி தொடங்கலாம். தொக்கை மட்டும் முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுங்கள். கருகிய பாகுக்கு மருந்து இல்லை, கொட்டிவிட வேண்டியதுதான். அந்தக் கசப்பை எந்த எள்ளும் மறைக்காது. உள்ளே கடினமாக இருந்தால் முதல் படியில் வேகவில்லை. ஒரு துண்டைக் கடித்து அதைக் கண்டுபிடித்தவுடன் வாணலியில் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு, சிறு தீயில் இரண்டு நிமிடம் வைத்தால் ஓரளவு காப்பாற்றலாம். மொறுமொறுப்பு போய்விடும், ஆனால் சாப்பிடும்படி இருக்கும்.

பழகியபின்

ஜோச்சொங் பாகில் இஞ்சிச் சாறு அரைத் தேக்கரண்டி சேர்ப்பது கீழ்வீட்டு ஹல்மொனியின் வழக்கம். பாகு இறக்கும் முன் சிட்டிகை லவங்கப்பட்டைத் தூள் போடுவதும் உண்டு. எள்ளுக்குப் பதில் வறுத்த சோயா மாவைத் தூவினால் இன்ஜொல்மியின் மணம் வந்துவிடும். அந்த மாவு கிடைக்காத இடத்தில் பொட்டுக்கடலை மாவைத் தூவிப் பார்த்தேன், மிக நன்றாகப் பொருந்தியது. வெல்லத்திலும் செய்திருக்கிறேன். மூன்று மேசைக்கரண்டி பொடித்த வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, முல்லியொத்தோடு அதே உருட்டுப் பதத்துக்குக் காய்ச்ச வேண்டும். நிறம் கறுத்து வரும், சுவை ஆழமாக இருக்கும். ஆனால் அப்போது அது வேறொரு பலகாரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் இரண்டு முறை கொரிய வழியில் செய்து அதன் சுவையைத் தெரிந்துகொண்டபின் மாற்றுங்கள்.

தொக் குறைவாக இருந்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சேர்த்துச் செய்யலாம். கிழங்கைத் தனியாகப் பொரித்து, பாகில் மட்டும் இரண்டையும் ஒன்றுசேர்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வேண்டிய நேரம் வேறு. பாகு காய்ச்ச நேரமே இல்லாத நாட்களில், காரெத்தொக்கைச் சிறு தீயில் வாட்டி ஜோச்சொங்கிலோ தேனிலோ தொட்டுச் சாப்பிடுவார்கள். குளிர்காலத்தில் கொரியர்கள் விரும்பும் பழைய தின்பண்டம் அது, ஐந்து நிமிட வேலை.

மாத்தாங்கைச் செய்த அன்றே சாப்பிட்டு முடியுங்கள். கண்ணாடிப் பாகு அரை மணி நேரத்துக்குள், இளகிய பாகு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள். அதற்கு மேல் போனால் தொக்கின் ஈரம் பாகுக்கு ஏறி மேலே பிசுபிசுக்கும், உள்ளே தொக் மறுபடி இறுகத் தொடங்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டும் விரைவாகும். 300 கிராமுக்கு மேல் தொக் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடாமல், மீதியை ஃப்ரீசருக்கே அனுப்பிவிடுங்கள்.

பாகு ஒட்டி இறுகிய வாணலியைச் சுரண்டாதீர்கள், ஒட்டாத பூச்சு போய்விடும். பாகு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, முள்கரண்டிகளையும் அதிலேயே போட்டு, அடுப்பில் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். தானாகக் கரைந்து வந்துவிடும்.